விடுதி கண்ட வள்ளல் சுவாமி சகஜானந்தர்

ஓர் ஊருக்குப் பெருமை அவ்வூரின் விளைபொருளாலும் வரும். அம்மண்ணில் தோன்றிய நன்மக்களாலும் வரும். ஆரணி என்றதும் எவர்க்கும் பட்டுச் சேலை நினைவுக்கு வருகின்றது. களம்பூர் என்றதும் அரிசி நினைவுக்கு வருகின்றது. விழுப்புரத்திலிருந்து காட்பாடி செல்லும் இருப்புப் பாதையில் நம் களம்பூரில் அமைந்த நிலையத்திற்கு ஆரணி ரோடு என்று பெயர். அந்நிலையத்தில் இறங்கித் தறிக்கும் நெல்லுக்கும் வருவோர் பலர். ஆயினும், இவ்வட்டாரம் தமிழ்நாட்டிற்கு அளித்த செல்வங்களுள் பட்டினும் நெல்லினும் உயர்ந்த ஒன்று உண்டு என்பதை நம் பிள்ளைகளிற் பெரும்பாலோர் அறியார். ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கம் என்னும் சிற்றூரிற் பிறந்து, சிதம்பரத்திற் கல்விக்கோயில் எழுப்பி, எண்ணற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு உணவும் உறையுளும் எழுத்தும் அளித்த சுவாமி சகஜானந்தரே அச்செல்வம் ஆவார்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அப்பெருந்தகையின் வாழ்க்கையை எழுதப் புகுந்ததற்குக் காரணம் இரண்டு. அவர் நம் மண்ணினர் என்பது ஒன்று. மற்றொன்று இன்றைய தேவையைப் பற்றியது. நம் தெருவிலிருந்து எட்டு வயதும் ஒன்பது வயதும் நிரம்பிய பிள்ளைகளை விடுதிகளில் விட்டுவிட்டுப் பிழைப்புக்குப் புறப்படும் பெற்றோர் இன்றும் உளர். விடுதியில் வளரும் சிறு பிள்ளையின் உள்ளம் என்ன ஆகின்றது என்னும் கேள்வி நம் முன் நிற்கின்றது. விடுதிப் பிள்ளையாக வாழ்ந்து, விடுதியினின்றும் வெளியேறி, பின்னர்த் தாமே விடுதி கண்டவர் சகஜானந்தர். ஆதலின் இக்கேள்விக்கு அவர் வாழ்க்கையைவிடச் சிறந்த பாடம் நமக்கு வேறில்லை என்று கருதுகின்றோம்.

பிறப்பும் காலமும்

1890ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27ஆம் நாள் அண்ணாமலை, அலமேலு என்னும் பெற்றோர்க்கு மகனாக அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முனுசாமி என்பது. ஆதி திராவிடர் குடும்பம். உழைத்தால் உண்டு, இல்லையேல் இல்லை என்னும் வாழ்வு. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தில் நம் மக்களின் நிலை எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பக்கத்து மாவட்டமாகிய செங்கற்பட்டின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்பார் ஒடுக்கப்பட்ட மக்களின் அவல நிலையைப் பற்றி அரசுக்கு விரிவாக எழுதிய அறிக்கை 1892ஆம் ஆண்டில் ஆராயப்பெற்றது. நிலமின்மை, பண்ணை அடிமைத்தனம், கல்வியின்மை ஆகிய மூன்றும் அவ்வறிக்கையில் விளங்கின. முனுசாமி அப்போது இரண்டு வயதுக் குழந்தை.

ஊர்ப் பள்ளியின் திண்ணை நம் பிள்ளைகளுக்குத் திறவாத அக்காலத்தில், கிறித்தவ மிஷன் பள்ளிகளே பெரும்பாலும் வழிவிட்டன. ஸ்கடர் குடும்பத்தார் முன்னின்று 1853ஆம் ஆண்டளவில் நிறுவிய அமெரிக்க ஆற்காடு மிஷன், வட ஆற்காட்டிலும் தென்னாற்காட்டிலும் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் நடத்தி வந்தது. ஆரணியும் திண்டிவனமும் அதன் நிலையங்களாக இருந்தன. எழுத்தறியாத சேரிகளில் முதன்முதல் பலகையும் பல்பமும் கொணர்ந்து கொடுத்த கைகள் அவை. இந்நன்றியை நாம் என்றும் மறத்தலாகாது.

திண்டிவனத்து விடுதிப் பிள்ளை

தொடக்கக் கல்வியை முடித்த முனுசாமி, மேற்படிப்பிற்காகத் திண்டிவனத்து மிஷன் பள்ளியிற் சேர்க்கப்பெற்றார். அங்கே விடுதியில் தங்கிப் படித்தார். கூரிய அறிவும் நினைவாற்றலும் உடைய பிள்ளை என்று ஆசிரியர்கள் மெச்சினர். விவிலியத்தில் அவர் பெற்ற தேர்ச்சி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. அவருக்குச் சிகாமணி என்னும் புதுப்பெயரும் வழங்கலாயிற்று. பிள்ளையைத் தம் சமயத்திற் சேர்த்துக்கொள்ள மிஷனார் விழைந்தனர். சிறுவரோ அதற்கு இசையவில்லை. அதன் விளைவாகப் பள்ளியை விட்டு வெளியேற நேர்ந்தது. விடுதியில் உண்ட உணவுக்கும் தங்கியதற்கும் ஆன செலவைத் திருப்பித் தருமாறு கேட்கப்பட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதினோர் கூறுவர்.

இந்நிகழ்ச்சியைச் சமயப் பூசலாக மட்டும் காண்போர் உண்டு. யாம் வேறொரு கண்கொண்டு காண விழைகின்றோம். அந்தச் சிறுவரின் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையொன்றை நிறுத்திப் பாருங்கள். தாய் தந்தையர் அருகில் இல்லை. உண்ணும் சோறு பிறர் தரும் சோறு. உறங்கும் பாய் பிறர் தரும் பாய். பெயரும் பிறர் தந்த பெயர். எதை மறுத்தாலும் சோறும் பாயும் படிப்பும் ஒருங்கே போய்விடும் என்னும் அச்சம். வீட்டிற் பிள்ளை முரண்டு பிடித்தால் தாய் இரண்டு நாழிகை பேசாதிருப்பாள். அந்திக்குள் அழைத்துச் சோறு போடுவாள். விடுதியில் முரண்டு பிடித்தால் அடைக்கலமே போய்விடும் என்று பிள்ளை நினைக்கின்றது. அன்பு நிபந்தனையோடு வருகின்றதோ என்னும் ஐயம் ஒரு சிறு நெஞ்சிற் புகுந்துவிட்டால், அதைப் பின்னர்க் களைதல் எளிதன்று.

இத்தகைய நிலை முனுசாமி ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் 1879ஆம் ஆண்டு கார்லைல் என்னுமிடத்திற் செவ்விந்தியப் பிள்ளைகளுக்கென ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கப்பெற்றது. பிள்ளைகளின் கூந்தலை வெட்டினர், தாய்மொழியைத் தடுத்தனர், பெயர்களை மாற்றினர். கனடா நாட்டிலும் இவ்வாறே தொல்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த பள்ளிகள் நூறாண்டுக்கு மேல் நடைபெற்றன. அதற்காக அந்நாட்டு அரசு 2008ஆம் ஆண்டில் மன்னிப்புக் கேட்டது. 2015ஆம் ஆண்டில் ஆணையம் ஒன்று அப்பிள்ளைகள் பட்ட துயரைத் தொகுத்து அறிக்கை வெளியிட்டது. திண்டிவனத்து விடுதியை அவற்றோடு சமமாக வைத்து யாம் பேசவில்லை. அங்கே கல்வி தரவேண்டும் என்னும் நல்லெண்ணம் மெய்யாகவே இருந்தது. பெற்றோரும் விரும்பியே பிள்ளையை அனுப்பினர். எனினும், நல்லெண்ணத்தோடு நடத்தப்படும் விடுதியும் பிள்ளையின் பெயரையும் வீட்டையும் சிறிதாக எண்ணத் தொடங்கினால், பிள்ளையின் உள்ளத்திற் புண் உண்டாகும் என்பதை உலக வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

தங்கவயலும் குருவின் நிழலும்

பள்ளியை விட்ட முனுசாமி சிலகாலம் கோலார் தங்கவயலிற் கழித்தார். அக்காலத்தில் வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அச்சுரங்கங்களுக்குக் கூலி வேலைக்குச் சென்றனர். இன்று நம் மக்கள் செங்கற் சூளைக்கும் பெங்களூர்க் கட்டட வேலைக்கும் செல்வது போன்றதே அது. கல்வியை இழந்த பிள்ளைகள் பலர் அங்கேயே உழைத்து ஓய்ந்தனர். முனுசாமியின் நாட்டமோ அறிவையும் ஆன்ம நெறியையும் நோக்கியே நின்றது. துறவு உள்ளம் தலைப்பட, அவர் சென்னைக்குச் சென்றார். வியாசர்பாடியில் வாழ்ந்த கரபாத்திர சிவப்பிரகாச சுவாமிகளை அடைந்து மாணாக்கரானார். தமிழ் நூல்களையும் வடமொழி நூல்களையும் வேதாந்த நெறியையும் அவரிடம் பயின்றார். சாதி பாராது தம்மை ஏற்ற குருவின் அன்பில் அவர் உள்ளம் தேறிற்று. சகஜானந்தர் என்னும் பெயரைக் குருவே சூட்டினார்.

ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் அமைந்ததை இங்கே கருத வேண்டும். முதற்பெயர் பெற்றோர் அன்பால் இட்டது. இரண்டாம் பெயர், தனித்திருந்த சிறுவயதில், மறுக்கும் வலிமை இல்லாத நிலையிற் பிறர் இட்டது. மூன்றாம் பெயர் அறிவு முதிர்ந்தபின் தாமே விரும்பி ஏற்றது. இரண்டாம் பெயர் நிலைக்கவில்லை. மூன்றாம் பெயர் நிலைத்தது. விரும்பி ஏற்கும் மாற்றம் மனிதனை உயர்த்தும். தனிமையிற் சுமத்தப்படும் மாற்றம் மனிதனை உள்ளே இரண்டாகப் பிளக்கும்.

சிதம்பரத்தில் நந்தனார் பெயர்

1910ஆம் ஆண்டில் சகஜானந்தர் சிதம்பரத்தை அடைந்தார். அவ்வூரை அவர் தேர்ந்தெடுத்ததன் பொருள் ஆழமானது. தில்லையைக் காண ஏங்கி, எல்லையிலேயே நின்று வாடியவர் என்று புராணம் பேசும் நந்தனாரின் ஊர் அது. எந்த ஊரின் வாயில் நந்தனாருக்கு அடைத்திருந்ததோ, அந்த ஊரிலேயே நந்தனார் பெயரால் மடம் கண்டார். பின்னர் 1916ஆம் ஆண்டில், ஓமக்குளம் பகுதியில் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். தொடக்கத்திற் சேர்ந்த பிள்ளைகள் இருபத்தைவர் என்பர். பள்ளியோடு விடுதியும் வளர்ந்தது. பொருளுடையோர் இல்லந்தோறும் சென்று உதவி வேண்டினார். சிறிதும் பெரிதுமாகக் கிடைத்ததைக் கொண்டு கூரை போட்டார். பிள்ளைகளுக்கு உலை வைத்தார்.

சிதம்பரம் வட்டாரம் அக்காலத்திற் பெருநிலக்கிழார்களின் நாடு. பண்ணையிற் கட்டுண்ட குடும்பத்துப் பிள்ளை ஐந்து வயதில் வாத்து மேய்க்கவும் எட்டு வயதில் மாடு மேய்க்கவும் போகும். அப்பிள்ளை பகலிற் பள்ளிக்கு வந்து மாலையில் வீடு திரும்புமாயின், மறுநாள் பண்ணையார் வீட்டு மாடு அதை மறித்துக்கொள்ளும். எனவே, கல்வி வேண்டின் விடுதி வேண்டும் என்னும் நிலை இருந்தது. அன்றைய விடுதி ஒரு காப்பரண். பசியினின்றும் பண்ணையினின்றும் பிள்ளையைக் காத்த அரண்.

இவ்வுண்மையை அக்காலத்தில் உணர்ந்த பெரியோர் வேறு சிலரும் இருந்தனர். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா 1901ஆம் ஆண்டு தொடங்கிப் பல வகுப்பினர்க்கும் மாணவர் விடுதிகளை ஏற்படுத்தினார். 1908ஆம் ஆண்டில் தீண்டப்படாதார் எனப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கும் ஒரு விடுதி அங்கே எழுந்தது. அண்ணல் அம்பேத்கர் 1924ஆம் ஆண்டில் தோற்றுவித்த பகிஷ்கிருத ஹிதகாரிணி சபை, மறு ஆண்டே சோலாப்பூரில் விடுதி தொடங்கிற்று. சென்னை மாகாண அரசும் 1920ஆம் ஆண்டை ஒட்டித் தொழிலாளர் துறையை அமைத்து, ஒடுக்கப்பட்டோர்க்குப் பள்ளிகளும் விடுதிகளும் நடத்தத் தலைப்பட்டது. இன்றைய ஆதி திராவிடர் நல விடுதிகளின் வேர் அத்துறையில் இருக்கின்றது.

சகஜானந்தர் விடுதிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்கே சேர்ந்த பிள்ளை தன்னை மறைத்துக்கொள்ள வேண்டிய நிலை இல்லை. பள்ளியின் பெயர்ப் பலகையே நந்தனார் என்று கூறிற்று. ஊரார் இழிவாக எண்ணிய குலத்தில் தோன்றிய ஒருவரின் பெயரை, ஊரார் வணங்கும் பெயராகப் பிள்ளைகள் ஏந்தி நடந்தனர். எங்கிருந்து வந்தாய் என்று எவரேனும் கேட்டால் தலைகுனிய வேண்டியதில்லை. விடுதிப் பிள்ளையின் மனநலத்திற்கு இதனினும் சிறந்த மருந்து வேறு யாது? சோறு உடம்பைக் காக்கும். பெயர் உள்ளத்தைக் காக்கும்.

பொதுவாழ்வு

1926ஆம் ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்திற்கு அவர் நியமிக்கப்பெற்றார். அதன்பின் சிற்சில இடைவெளிகளோடு, மறையுங்காலம் வரையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சட்டமன்றப் பணியில் ஈடுபட்டிருந்தார். கல்வி, நிலம், குடியிருப்பு மனை, கோயில் நுழைவு ஆகியன பற்றி இடைவிடாது பேசினார். 1927ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது சிதம்பரம் வந்த காந்தியடிகள் அவருடைய பணியை வாழ்த்தினார். 1947ஆம் ஆண்டில் ஆலய நுழைவுச் சட்டம் நிறைவேறியது; நந்தனாருக்கு அடைத்த வாயில் நந்தனார் மக்களுக்குச் சட்டப்படி திறந்தது.

அவருடைய சமயக் கொள்கையை நம்மவர் அனைவரும் ஏற்கவில்லை என்பதையும் கூறுதல் கடன். இந்து சமயத்திற்குள் நின்றே அதைத் திருத்தலாம் என்று அவர் நம்பினார். அண்ணல் அம்பேத்கரோ அச்சமயத்தை விட்டு நீங்கி 1956ஆம் ஆண்டிற் பௌத்தம் தழுவினார். இவ்விரு நெறிகளுள் எது சிறந்தது என்பது நம் மக்களிடையே நீண்ட நாளாக நடைபெறும் வழக்கு. சைவ நெறியைப் பெரிதாக வலியுறுத்தியதால், அவரும் ஒரு வகையிற் பிள்ளைகளை வேறு அச்சில் வார்த்தார் அல்லரோ என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே. ஆயினும், எந்நெறியைக் கடைப்பிடிப்பவரும் ஒன்றை மறுத்தல் இயலாது: அவர் தம் பிள்ளைகளின் குடிப்பிறப்பை வெட்கத்திற்குரியது என்று கற்பிக்கவில்லை, அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்தார்.

1959ஆம் ஆண்டு மே முதல் நாள் சகஜானந்தர் மறைந்தார். அவர் தொடங்கிய கல்வி நிலையங்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நந்தனார் பெயராலேயே அரசு மேல்நிலைப் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன. அவ்வூரில் அவருக்கு மணிமண்டபமும் எழுப்பப்பெற்றுள்ளது. அவர் நிழலிற் படித்தோர் ஆசிரியராகவும் அலுவலராகவும் மக்கள் தொண்டராகவும் தமிழ்நாடெங்கும் பரவினர்.

அவர் வாழ்க்கை நமக்குக் கூறுவது

இனி, நம் கேள்விக்கு வருவோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளையை விடுதியில் வைத்தல் நன்றா, தீதா?

இரண்டாம் உலகப் போரின்போது, 1939ஆம் ஆண்டு முதல் இலண்டன் மாநகரத்துப் பிள்ளைகளைக் குண்டு வீச்சினின்றும் காக்க நாட்டுப்புறங்களுக்கு அனுப்பினர். அவர்கள் நன்கு உண்டனர், பாதுகாப்பாகவும் இருந்தனர். ஆயினும், குண்டின் அச்சத்தைவிடத் தாயைப் பிரிந்த துயரே சிறு பிள்ளைகளைப் பெரிதும் வாட்டியது என்று அன்னா பிராய்டு அம்மையார் கண்டறிந்தார். ஜான் பௌல்பி என்னும் மனநல மருத்துவர் இப்பொருள் பற்றி உலக சுகாதார நிறுவனத்திற்கு 1951ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தார். அவரும் அவர் தோழர் ஜேம்ஸ் ராபர்ட்சனும் பிரிவுத் துயரின் மூன்று படிகளைக் கூறினர். முதற்படியிற் பிள்ளை அழும், அடம் பிடிக்கும். இரண்டாம் படியிற் சோர்ந்து ஒடுங்கும். மூன்றாம் படியில் அமைதி அடைந்ததுபோற் காணப்படும். தாய் வந்தாலும் ஓடிச் சென்று கட்டிக்கொள்ளாது.

இம்மூன்றாம் படியையே நாம் பெரிதும் அஞ்ச வேண்டும். பிள்ளை பழகிவிட்டது என்று நாம் மகிழ்வது பலகாலும் அப்போதுதான். அழுகின்ற பிள்ளை இன்னும் நம்மிடம் முறையிடுகின்றது. அழுகையை விட்ட பிள்ளைகளுள் சில மெய்யாகவே பழகியவை. சிலவோ முறையிடுவதில் நம்பிக்கை இழந்தவை. இரண்டையும் பிரித்தறிய வேண்டியது பெரியோர் கடமை. காலையில் அடிக்கடி வயிற்றுவலி என்று சொல்லுதல், நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், சோற்றை ஒதுக்குதல், காரணமின்றிச் சினத்தல், எல்லோர்க்கும் அஞ்சி அளவுக்கு மீறி அடங்கியிருத்தல், தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுதல் ஆகியன உள்ளத்து நோவின் அடையாளங்கள். இவற்றைக் கள்ளத்தனம் என்று கருதி அடிப்பது புண்ணின்மேற் புண் செய்வதாகும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தால் துன்புறுத்தலையும் வெளிப்படையாகத் தடுத்துள்ளது.

அவ்வாறாயின் விடுதியே வேண்டாவோ எனின், அதுவும் பொருந்தாது. ஜவ்வாது மலையிற் சிற்றூர்கள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே அரசின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இல்லையேல் பல பிள்ளைகள் எழுத்தறியமாட்டா. சூளைக்குச் செல்லும் பெற்றோர் பிள்ளையை உடன் அழைத்துச் சென்றால், கல் அறுக்கும் களத்திலேயே அதன் படிப்பு முடிந்துவிடும். வீட்டிற் குடியும் அடியும் மிகுந்த பிள்ளைக்கு விடுதியே புகலிடம். ஆகவே, வேண்டும் வேண்டாம் என்னும் வழக்கை விடுத்து, யாருக்கு, எவ்வயதில், எவ்வாறு என்று ஆராய்தலே அறிவுடைமை.

யாம் கருதுவது இது. பத்து வயது நிரம்பாத பிள்ளை இயன்றவரை வீட்டிலிருந்தே பள்ளிக்குச் செல்லுதல் வேண்டும். அக்காலத்திற் பசியே பல பிள்ளைகளை விடுதிக்குத் தள்ளிற்று. 1956ஆம் ஆண்டு முதல் காமராசர் ஆட்சியிற் பரவிய மதிய உணவும், 1982ஆம் ஆண்டிற் சத்துணவாக விரிந்த திட்டமும், 2022ஆம் ஆண்டில் தொடக்கப் பள்ளிகளில் வந்த காலை உணவும் அக்காரணத்தைப் பெரிதும் குறைத்துவிட்டன. பெற்றோர் வெளியூர் செல்லும் திங்கள்களில் பாட்டியிடமோ அத்தையிடமோ பிள்ளை தங்குமாயின், அந்த முதியவர்க்குத் துணை செய்வது விடுதிக் கட்டடத்திற்குச் செலவிடுவதினும் நன்று. நம் சங்கம் நடத்தும் மாலை நேரப் பாடசாலையை இத்தகைய பிள்ளைகள் இரவு உணவுக்குப் பின்னும் இருந்து படிக்கும் இடமாக விரிக்கலாம்.

விடுதியன்றி வேறு வழியில்லாத பிள்ளைக்கு விடுதி வீடாதல் வேண்டும். அண்ணன் தம்பியரை, அக்காள் தங்கையரைக் கூடுமானவரை ஒரே வளாகத்திற் சேர்த்தல் வேண்டும். ஒரே ஊர்ப் பிள்ளைகள் அருகருகே படுக்க இடந்தருதல் வேண்டும். பிள்ளையின் பெயரை முழுமையாக, அன்போடு அழைத்தல் வேண்டும். ஊர்ப்பெயராலோ சாதிக் குறிப்பாலோ எண்ணாலோ அழைத்தல் கூடாது. கிழமை தவறாமல் தாயின் குரலைத் தொலைபேசியிற் கேட்கச் செய்தல் வேண்டும். குறித்த நாளில் வருவதாகச் சொன்ன பெற்றோர் வந்தே தீர வேண்டும். வாக்குத் தவறிய நாளைப் பிள்ளை மறவாது. விடுமுறை முடிந்து திரும்பும் முதற் கிழமையே மிகக் கடினமானது; அக்கிழமையிற் காப்பாளர் கண்டிப்பைத் தளர்த்திப் பரிவை மிகுத்தல் வேண்டும். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் தெருக்கூத்துக்கும் பிள்ளை வீடு வந்து சேர வேண்டும். அவையே அதன் வேர்கள். காப்பாளரும் சமையற்கார அம்மாளும் ஆண்டுதோறும் மாறாமல் நிலைத்திருத்தல் வேண்டும். துன்பம் நேர்ந்தால் 1098 என்னும் எண்ணிற் கட்டணமின்றி முறையிடலாம் என்பதை ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பித்தல் வேண்டும். இவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை, மனம் தேவை.

எல்லாவற்றினும் மேலாக, விடுதிச் சோறு பிள்ளையின் உரிமை என்று அது உணருமாறு நடத்தல் வேண்டும். யாம் உனக்குச் சோறு போடுகின்றோம் என்னும் சொல் எந்தக் காப்பாளர் வாயினின்றும் வருதல் ஆகாது. உண்ட சோற்றுக்குக் கணக்குக் கேட்கும் இடத்தில் பிள்ளையின் உள்ளம் வளர்வதில்லை. திண்டிவனத்தினின்றும் வெளியேறிய சிறுவர், பின்னாளில் தம்மிடம் வந்த பிள்ளைகளுக்குச் சோறிட்டதோடு நில்லாமல் தலைநிமிர்வையும் தந்தார். தமக்கு நேர்ந்ததைப் பிறர்க்கு நேராமற் காப்பதே பெருமக்கள் இயல்பு.

அப்பெருந்தகை பிறந்த மண்ணில் வாழும் நாம் ஜனவரித் திங்கள் 27ஆம் நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்தல் தகும். மாலையிடுவதோடும் மேடையேறுவதோடும் அந்நாளை முடித்துவிடாமல், நம் தெருவினின்றும் விடுதிக்குச் சென்ற ஒவ்வொரு பிள்ளையையும் அன்று நேரிற் சென்று கண்டு வருவோமாக. சங்கத்தின் சார்பில் ஒரு பெரியவர், பிள்ளையின் ஊர் மணம் வீசும் தின்பண்டத்தோடு சென்று, பெயர் சொல்லி அழைத்து, அருகிலமர்ந்து கேட்டு வந்தாற் போதும். அடுத்த கால் நூற்றாண்டில் நம் சங்கம் எழுப்பும் கட்டடங்கள் எத்தனையாயினும் ஆகுக. அவற்றுள் உறங்கும் பிள்ளைகள் அச்சமின்றி உறங்குவதே நம் பணியின் அளவுகோலாகும்.

வாழ்க சுவாமி சகஜானந்தர் புகழ்! வளர்க நம் பிள்ளைகள் கல்வி!